பதினோரு டிக்கெட்

ஜனவரி 12

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கிருபையால் இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். உன் முழங்கால் மாடிப்படியோடு சமாதானம் ஆகிவிட்டதா, இன்னும் பகைதானா? போனில் கேட்கலாம்தான். ஆனால் முப்பத்தைந்து வருடம் சுத்தியல் சத்தத்தில் கிடந்த காதுக்கு நீ சொல்வதில் பாதிதான் விழும். மீதிப் பாதியைத் திரும்பச் சொல்லச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய். கடிதமே நமக்கு நல்லது.

விஷயம் இதுதான். நகரமன்றத் தேர்தலில் ஜெயித்துவிட்டேன். ஒன்பது உறுப்பினர்களில் எங்கள் திருச்சபையார் மட்டும் ஐந்து பேர். ஆறாம் வகுப்பில் உன்னிடமே இரண்டு முறை பெயிலானவன் இன்று ஊருக்குச் சட்டம் போடப் போகிறான். சிரித்துக்கொள்.

முதல் வேலையாக ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவருகிறேன். போன மாதம் ஓர் ஓட்டுநர் ஷூவுக்கு அடித்தோல் மாற்ற என் செருப்புக் கடைக்கு வந்தார். வலது காலில் மட்டும் முன்பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. எந்நேரமும் மிதித்துக்கொண்டே இருக்கிற கால். "ஐயா, பதினோரு வருசமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் எம்புள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டதில்ல" என்றார். அவர் போனதும் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆண்டவர் ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அதைக்கூட நாம் பேருந்து விட்டு மிதிக்கிறோம்.

உன் தம்பி பெண்டாட்டி ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறாள். அவள் பக்தி எனக்கு வராது.

உன் ஜெபத்தில் என்னை மறவாதே.

தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழங்கால்கூட வலிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். நீ பெயிலானது இரண்டு முறை இல்லை, ஒரு முறைதான். இரண்டாவது முறை நான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டேன். இப்போது சொல்வதில் தவறில்லை, ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது.

பேருந்து விஷயத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள். எங்கள் தலைமையாசிரியை ஒருமுறை நாற்பது நாள் இனிப்பைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். நல்ல மனுஷி, மனதாரச் செய்தார். ஆனால் மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் இருந்த சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நேர்ந்துகொண்டது அவர், கசந்தது எங்கள் காப்பி. நாற்பது நாள் முடிந்தபோது எங்களில் ஒருவருக்காவது பக்தி கூடியிருந்ததா என்றால், கூடியது சாவி செய்பவரின் விலாசம் தெரிந்தவர்களின் எண்ணிக்கைதான்.

நானும் ஞாயிறு ஆலயத்துக்குப் போகிறவள். கடைசி வரிசை, முழங்காலுக்கு அதுதான் வசதி. வசனத்துக்கு வசனம் போட்டு உன்னோடு சண்டை பிடிக்க மாட்டேன். அந்த ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. முறை வைத்து விடுப்பு கொடுங்கள். அதற்கு ஏன் பேருந்தையே நிறுத்த வேண்டும்?

வாண்டு எப்படி இருக்கிறான்? அவனுக்கு இருபத்தொன்பது வயதாகிவிட்டது, நான்தான் இன்னும் வாண்டு என்கிறேன். உன் கடைசி நான்கு கடிதங்களில் பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 9

பிரியமான அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன், வழக்கம்போல. சர்க்கரை டப்பாவுக்கு இவளும் சிரித்தாள். அப்புறம் பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

நீ சொல்வது காப்பிக்குச் சரி, ஊருக்குச் சரிவராது. முறை வைத்து விடுப்பு என்கிறாய். ஊரே ஓடும்போது ஒருவன் மட்டும் உட்கார முடியாது, அக்கா. நான் அனுபவத்தில் சொல்கிறேன். இரட்சிக்கப்படுவதற்கு முன்னால் ஞாயிறும் கடை திறந்திருப்பேன். எதிர்க்கடை திறந்திருக்கிறதே என்று நானும் திறப்பேன், நான் திறந்திருக்கிறேன் என்று அவனும் திறப்பான். யாராவது ஒருவர் எங்கள் இரண்டு பேர் கடையையும் இழுத்து மூடியிருந்தால் கும்பிட்டிருப்பேன். இருபது வருடம் வீட்டில் ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் தோல் அறுத்துக்கொண்டிருந்தேன். அது எப்படி வளர்ந்தது என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதற்கு மேல் அதைப் பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை. நீயும் கேட்காதே.

தீர்மானம் மார்ச் மூன்றாம் தேதி. போதகர் ஒரு வாரமாக உபவாசம் இருக்கிறார்.

தம்பி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தயவுசெய்து பதில் போட வேண்டாம். இங்கே வரும் எல்லாக் கடிதத்தையும் அவர்தான் பிரித்து, சத்தமாகப் படிப்பார்.

உங்கள் வாண்டு உயிரோடு இருக்கிறான், நன்றாகத் தேறி வருகிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குடி அவனை ரொம்பக் கெடுத்துவிட்டது, அண்ணி. போன வருடம் குடித்துவிட்டு ஆலயத்துக்குள்ளேயே விழுந்தான். சபைப் பதிவிலிருந்து அவன் பெயரை நீக்கிவிட்டார்கள். அப்படிப் பெயர் நீக்கப்பட்டவரோடு வீட்டார்கூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது ஒழுங்கு. இவர் சபையின் மூப்பர், அந்த ஒழுங்கை நடத்த வேண்டியவர். அன்றைக்கு வாசலில் நின்று, "திருந்தி வா, அதுவரைக்கும் உள்ள வராத" என்றார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய், வாடிக்கையாளரின் புது ஷூவைத் தப்பாக அறுத்துவிட்டார்.

பத்து மாதமாக அவன் மேட்டுச் சாலையில் இருக்கும் குடிநோயாளர் இல்லத்தில் இருக்கிறான். அவனாகவே போய்ச் சேர்ந்தான். பார்க்க விடுவது ஞாயிறு இரண்டிலிருந்து நான்கு மணி வரைதான். மற்ற நாளில் விட மாட்டார்கள். ஒன்றேகால் மணிப் பேருந்தில் போகிறேன். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் இதே ஆலயத்துப் பெண்கள்தான்.

இவரிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னால் தடுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சபையில் யாராவது கேட்டால் இவருக்குப் பொய் சொல்ல வராது. தெரியாமல் இருந்தால் பொய் சொல்ல வேண்டியதில்லையே.

போன ஞாயிறு அவன், "அம்மா, நீ வர்ற நாள வெச்சுத்தான் நான் வாரத்தையே எண்றேன்" என்றான். பேருந்து நின்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவர் மனம் நோகாமல் உங்களால் ஏதாவது சொல்ல முடியுமா? நான் எழுதியது மட்டும் தெரிய வேண்டாம்.

உங்கள் காலுக்குக் கவனம்.

தம்பி மனைவி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் சுகம். இன்னொரு உதாரணம் வந்திருக்கிறது, பிடி.

பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்துவிடுவது என்றால் முதலில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்போம். வேறு வகுப்பில் சேர்க்கத்தான் பெயர்களைப் பார்ப்பது. எத்தனை பேர் என்பது போதாது, யார் யார் என்று தெரிய வேண்டும். ஒருமுறை மாலைத் தையல் வகுப்பை, "நாலு பேர்தானே" என்று எடுத்துவிட்டோம். அந்த நாலு பேரில் ஒருத்திக்கு வீட்டில் மாலையில் இருக்க முடியாத நிலைமை. பள்ளிக்கூடத்தில் இருக்கத்தான் அவள் ஊசியையே கையில் எடுத்தாள். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

உன் தீர்மானத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு மதியம் போகும் பேருந்தில் ஏறி உட்கார். யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், பார். பார்த்த பிறகும் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்து. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இதை மட்டும் எனக்காகச் செய். உன்னிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

அக்கா


மார்ச் 29

பிரியமான அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னி. தீர்மானம் ஐந்துக்கு நான்கு என்று நிறைவேறியது.

உன் பேச்சைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஞாயிறு பேருந்து ஓடக் கூடாது என்று சொல்கிற நான் ஞாயிறு பேருந்தில் எப்படி ஏறுவேன்? எங்கள் ஐந்து பேரில் யாருமே இதுவரை அதில் ஏறியதில்லை. நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான், ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அதற்குப் பதிலாகப் பணிமனையில் கணக்குக் கேட்டு வாங்கினேன். மதியம் போகும் ஒன்றேகால் மணிப் பேருந்தில் ஞாயிறுக்குச் சராசரி பதினோரு டிக்கெட். பதினோரு பேருக்காக ஓட்டுநரும் நடத்துநரும் பிள்ளைகளை விட்டு வர வேண்டுமா? மன்றத்தில் இதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன்.

அந்த ஓட்டுநர் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கைக்காகவாவது இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

இன்னொரு சந்தோஷம். இவள் இப்போது ஞாயிறுகளில் மதியச் சாப்பாட்டையும் விட்டு உபவாசத்தோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். ஆராதனை முடிந்ததும் அப்படியே கிளம்பினால் ஆறரை மணிக்குத்தான் வருகிறாள். அசதியில் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். ஊர் ஓய்ந்தால் மனம் ஆண்டவரிடம் போகும் என்று நான் சொன்னது என் வீட்டிலேயே பலித்துவிட்டது.

உன் சுகத்தைப் பற்றி எழுது.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நலம்தான். அதிகம் எழுத மனமில்லை.

இத்துடன் ஒரு தைலப் புட்டி அனுப்பியிருக்கிறேன். என் முழங்காலுக்கு வைத்தியர் கொடுத்தது. உன் வீட்டுக்காரி காலில் தேய்த்துக்கொள்ளட்டும். வெயில் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை குடை இல்லாமல் போகக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. ஆண்டவர் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சத்தமாகவே படி.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

நீ சுகமா? இரண்டு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை.

போன திங்கட்கிழமை இவளுடைய ஞாயிறு செருப்பு வாசலில் ஈரமாகக் கிடந்தது. டிசம்பரில் நானே புது அடித்தோல் போட்டுத் தைத்தது. இரண்டு வருடம் தாங்கும். கடைக்கு எடுத்துப்போய்த் திருப்பிப் பார்த்தேன். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. குதிகால் பின்பக்கம் சாய்வாகக் கரைந்திருக்கிறது. சமதரையில் நடந்தால் அப்படித் தேயாது. இறக்கத்தில் உடம்பை நிறுத்தி நிறுத்தி இறங்குகிறவர்களுக்குத்தான் அப்படித் தேயும். ஜெபக்கூட்டம் நடக்கிற வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. வழியில் ஒரு மேடு கிடையாது.

தையலுக்கு நடுவே சின்னச் சின்ன ஜல்லி மாட்டியிருந்தது. குத்தூசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். நீலம் பாரித்த கருங்கல். இந்த ஊரில் அந்த ஜல்லி கொட்டியிருக்கிற சாலை ஒன்றே ஒன்றுதான். மேட்டுச் சாலை. அதை அகலப்படுத்த மார்ச் மாதம் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த மேட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் அங்கே போய்ச் சேர்ந்த நாளே ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். நான் தெரியாதவன் மாதிரி இருந்தேன். போக ஆறு மைல், வர ஆறு மைல், அக்கா. சாப்பிடாமல்.

முப்பத்தைந்து வருடமாக ஊரார் செருப்பைப் பார்த்து அவர்கள் எங்கே போய் வருகிறார்கள் என்று சொல்கிறவன் நான். என் வீட்டு வாசலில் கிடந்ததைத் திருப்பிப் பார்க்கவில்லை.

எடுத்த கற்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் தைலப் புட்டி பாதி காலியாகிவிட்டது. உனக்கு முன்பே தெரியுமா?

தம்பி


ஜூன் 26

என் தம்பிக்கு,

தெரியும். பிப்ரவரியிலிருந்து தெரியும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூட எனக்கு வழியில்லாமல், பதில் எழுதாதீர்கள் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு மாதம் இருந்தேன். அவள் மறைத்தது உன்னை ஏமாற்ற இல்லை. சபையில் நின்று நீ பொய் சொல்ல வேண்டி வந்துவிடக் கூடாதே என்றுதான். உனக்குப் பொய் வராது என்று எழுதியிருந்தாள். எத்தனை புருஷன்மாருக்குக் கிடைக்கும் அந்த நற்சாட்சிப் பத்திரம்?

நீ கெட்டவன் இல்லை, உன் போதகரும் கெட்டவர் இல்லை. அந்த ஓட்டுநருக்காக நீ அழுததும் நிஜம்தான். பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் போன உன் ஞாயிறுகளை ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாய். அவரவர் ஞாயிறு அவரவருக்கு எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாய்.

என் வேலை நாளில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் தப்பாகப் போட்டுவிட்டு, சரியாகப் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தப்பு போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நோட்டில் திருத்திவிடலாம் என்று பார்த்தேன், மானம் மிஞ்சுமே என்று. மனம் கேட்கவில்லை. கரும்பலகையில் போட்டதைக் கரும்பலகையில்தான் அழிக்க வேண்டும். மறுநாள் நாற்பது பேர் முன்னால் அழித்தேன். ஒரு வாலு, "டீச்சர், உங்களுக்கு எத்தன மார்க்கு?" என்றான். சைபர் என்றேன். அப்புறம் அந்த வகுப்பு எனக்காக எதையும் செய்தது.

நீ என்ன செய்வாயோ, செய். முதலில் அவள் காலைப் பார்.

அக்கா


ஜூலை 18

பிரியமான அக்காவுக்கு,

மூவரும் சுகம். மூவர் என்று எழுதி எவ்வளவு நாளாகிறது.

ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தீர்மானத்தைத் திரும்ப எடுக்க மன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், நீ அன்று சொன்ன முறை விடுப்போடு சேர்த்து. ஓட்டுநர்களுக்கு மாதத்தில் மூன்று ஞாயிறு வீட்டில் இருக்கலாம். ஓட்டெடுப்பு ஆகஸ்டில். ஒரு கை மாறினால் போதும், அந்தக் கை என்னுடையது. மற்ற நால்வரும் என்னோடு பேசுவதில்லை. போதகர் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "மூப்பரா இருந்துக்கிட்டு நீங்களே இப்பிடிப் பண்ணா, நான் மத்தவங்களுக்கு என்ன சொல்றது?" என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகக் கேட்டார். "அப்ப மூப்பர்ங்கிறத எடுத்துக்குங்க ஐயா. ஆராதனைக்கு வர்றத விடமாட்டேன்" என்றேன். எடுத்துக்கொண்டார். இப்போது நானும் உன்னைப் போலக் கடைசி வரிசை. மறுநாளே அவருடைய ஷூ வழக்கம்போல என்னிடம்தான் தைக்க வந்தது. முன்பக்கம் மடிந்து விரல் பக்கம் தேய்ந்திருக்கிறது. முழங்காலில் நிற்கிறவர்களின் ஷூ அப்படித்தான் தேயும். அவர் வேஷக்காரர் இல்லை, அக்கா.

இனி நீ கேட்க நினைப்பது.

சனிக்கிழமை இவள் செருப்புக்கு இரட்டை அடித்தோல் போட்டேன். என் பழைய ஷூவுக்கும் போட்டேன். இரண்டையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு இவ்ளோ கனமா?"

"நாளைக்கு நடக்கணும்."

"எவ்ளோ தூரம்னு தெரியுமா?"

"உன் செருப்பு சொல்லிடுச்சு."

"அது அப்பவே சொல்லியிருக்குமே" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று மைலில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போய் நின்று நின்று, "வாங்க மன்ற உறுப்பினரே" என்றாள். வழியில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், இல்லத்தில் இருக்கும் தன் தம்பியைப் பார்க்கச் சாப்பாட்டுத் தூக்கோடு நடக்கிற ஒரு பெரியவர். எல்லாரும் இவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்களும் அந்தப் பதினோரு டிக்கெட்டில் சேர்ந்தவர்கள். "மத்தவங்க?" என்று கேட்டேன். "வர்றதையே விட்டுட்டாங்க" என்றாள்.

வாசலில் ஒரு பதிவேடு. பார்க்க வந்தவர் பெயர், உறவு. பக்கம் பக்கமாக இவள் கையெழுத்து, 'அம்மா', 'அம்மா' என்று. நான் 'அப்பா' என்று எழுதி முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர், "கொஞ்சம் சீக்கிரம் ஐயா" என்றார்.

அவன் இளைத்திருக்கிறான். கண் தெளிவாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவன் உட்காரவே இல்லை. இவள் தூக்கைத் திறந்து மூன்று தட்டு வைத்தாள். "அப்பா, சேந்து சாப்பிட்டா சபையில கேப்பாங்களே" என்றான். "கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லுவேன். உக்காரு" என்றேன். ஞாயிறு மதியம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

காலில் இல்லத்தார் கொடுத்த ரப்பர் செருப்பு, இரண்டு விரல் வெளியே. அளவெடுக்கக் காகிதம் இல்லை. சட்டைப் பையில் இருந்த மன்ற நிகழ்ச்சி நிரலைத் தரையில் விரித்து, அதன் மேல் அவனை நிற்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். "என்னப்பா, காலு வளந்துடுச்சா?" என்று சிரித்தான். ஊரில் நூறு பேர் கால் அளவு எனக்கு மனப்பாடம், அக்கா. இவனுடையதைக் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறுக்குள் தைத்துவிடுவேன். தைலம் இன்னொரு புட்டி அனுப்பு, இப்போது இரண்டு ஜோடிக் கால்.

தம்பி

அண்ணி, கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தந்திருக்கிறார். என் கால் இப்போது பரவாயில்லை. குடை எடுத்துப் போகிறேன், காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்துக்கு இனி நீங்கள் பதில் போடலாம்.